பொழுதோடு வீடு சேரும் தூரம்

ஆரணி
8-9-1978

பம்பாயில் இருக்கிறவருக்கு நமஸ்காரம்.

நாங்கள் வந்து இருக்க, ஊருக்கு வெளியே கல்யாண் பக்கம் பார்த்த வீட்டுக்கு வாடகை குறைவு என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

அங்கே பட்டுச்சேலை விற்க வந்திருந்த சம்பந்தம் நேற்று இங்கே வந்தார். "அண்ணி, ராத்திரி மெஸ்ஸுல என்கூட சாப்டுகினே அண்ணன் உங்களப் பத்திதான் பேசிகினு இருந்தாரு" என்றார்.

உங்கள் அம்மா சிரித்தார். "போடா, எம்புள்ள ஜைனன். பொழுது சாஞ்சா சோத்தத் தொடமாட்டான்."

சம்பந்தம் என் முகத்தைப் பார்த்தார். "தமாஷ் பண்ணேம்மா" என்றார்.

நான் உங்களை ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணிலிருந்து உங்கள் ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று மட்டும் அவரிடம் கேட்டேன். ரயிலில் வீடு சேர இருட்டிவிடும் என்றார்.

அந்த வீடு வேண்டாம். ஆபீசுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை போதும். வாடகை அதிகம், பால்கூட அங்கே விலைதான், தெரியும். சமாளித்துக்கொள்வேன். விளக்கு வைக்குமுன் நீங்கள் வந்துவிட வேண்டும்.

நம் ஜினமதி, அங்கே போனால் அப்பாவோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்கிறாள். அவளுக்கு எந்நேரம் இலை போடுவது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துப் பெட்டி கட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா