துவாய்களுக்கு வைத்த பந்தி

மச்சாள்,

போன சனிக்கிழமை இங்கே மெல்பேணில், வெரிபீயில் ஒரு கலியாணப் பந்தியில் என் இலையைத் தாண்டிப் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் ஆளாளுக்குச் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதுதான் வழக்கம். இந்தப் பெண்வீட்டார் மட்டும் பிடிவாதமாக வாழையிலை போட்டு, எல்லோரையும் இருத்திப் பரிமாறினார்கள். பருப்பு வாளியோடு வந்த பிள்ளை எனக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கு ஒரு கரண்டி வைத்தாள், அந்தப் பக்கம் இருந்தவருக்கு ஒரு கரண்டி வைத்தாள். நடுவில் நான் வெறும் சோற்றோடு இருந்தேன். பிறகு கண்டுபிடித்து, முகம் சிவக்க ஓடிவந்து, "சொறி அன்ரி, சொறி" என்றாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. கிழவிக்கு ஏதோ வந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் தந்தார்கள். நான் ஏன் சிரித்தேன் என்று விளங்கக்கூடிய ஒரே ஆள் நீர். நீர் கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்படாதேயும்.

ரிச்மண்டில் பிராங்கின் அச்சுக்கடை நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டீர். எழுபதுகளின் நடுப்பகுதி. தகரக்கூரை, குளிர் என்றால் எலும்புக்குள் போகும் குளிர், மையின் நாற்றம் சீலையை விட்டுப் போகவே போகாது. அங்கே நாங்கள் ஐந்து பெண்கள் கோப்பை துடைக்கிற துவாய்களில் அடுத்த வருடத்துக் கலண்டரை அச்சடித்துக்கொண்டிருந்தோம். மேலே ஒரு மரக்கிளையில் கோலாக் கரடி, கீழே பன்னிரண்டு மாதம். இந்த நாட்டுச் சனம் வருடத்தைத் துவாயில் அச்சடித்துக் குசினியில் தொங்கவிடும் என்று ஊருக்கு எழுதியபோது ஒருவரும் நம்பவில்லை. வருடம் பிறந்துவிட்டால் அது வெறும் துடைக்கிற துணி, ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்பது பிராங்கின் பயம். அதனால் ஒரு நாளைக்கு முந்நூறு துவாய், ஐந்து மணிக்கு முன் ஒருவரும் அசையக்கூடாது.

உம்முடைய பயம் வேறு. யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக இருந்தவர் நீர். இங்கே வந்ததும், அது இங்கே செல்லாது, முதலில் வகுப்புக்கு வா என்றுவிட்டார்கள். வகுப்பு நகரத்தில், கிழமை நாட்களில், பின்னேரம் நாலு மணிக்கு. மூன்று தரம் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். வேலையை விட்டால் வகுப்புக்குக் கட்ட வழியில்லை, வேலையில் நின்றால் வகுப்புக்குப் போக வழியில்லை. வகுப்புத் தொடங்க ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது. உம்முடைய தமையன், என்னுடைய மனுசன், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நீர் எழும்பிச் சாப்பிட்ட கோப்பையைக் கழுவப் போனீர். அந்த முதுகைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது, இவ அடுத்த வருடம் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டா என்று.

அடுத்த நாள் முழுக்க நீர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தீர். பக்கத்தில் வேலைசெய்த கிரேக்கப் பெண் சோபியா நீர் செபம் சொல்வதாக நினைத்துச் சத்தம்போடாமல் நடந்து திரிந்தாள். மத்தியானம் பாணைப் பிய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னீர்: "மச்சாள், ஒரு துவாய்க்கு எழுபத்திரண்டு அடி நடக்கிறம்."

மருந்துக் குளிசையை ஐந்தைந்தாக எண்ணிய கை, அடியை எண்ணாமல் விடுமா? ஆனால் நீர் எண்ணியது சரிதான். ஒரே ஒரு மேசை. துவாயை விரித்து, வலை கட்டிய மரச்சட்டத்தை அதன் மேல் வைத்து, ரப்பர் பட்டையால் மையை இழுத்து மண்ணிறத்தை அடிக்கவேண்டும். பிறகு கடைசி மூலையில் இருக்கும் கொடிக்குக் கொண்டுபோய்க் காயவிட்டு, காய்ந்ததும் திரும்பக் கொண்டுவந்து பச்சை அடித்து, மறுபடி கொடிக்கு நடந்து, மறுபடி கறுப்புக்கு வரவேண்டும். ஒவ்வொரு தரமும் துவாயைத் திரும்ப விரிக்கும்போது அது ஒரு நூல் விலகும், கோலாவின் கண் போய்க் காதில் நிற்கும். அதைக் கழித்து வைத்தால் பிராங்க் கத்துவான். பிரச்சினை விளங்கிவிட்டது. என்ன செய்வது என்றுதான் விளங்கவில்லை.

விளங்கியது கிளேட்டனில், சோற்று வாளியோடு நிற்கும்போது. ஒரு பிள்ளையின் பிறந்தநாள். மெல்பேணில் அப்போது எங்களுக்குத் தெரிந்த தமிழர் எல்லோரும் ஒரு கார்க் கொட்டிலுக்குள் அடங்கிவிடுவார்கள். பேப்பர் விரித்து இரண்டு வரிசையாக இருத்தினோம். நான் சோறு, நீர் பருப்பு. பாதி வரிசையில் நான் அப்படியே நின்றுவிட்டேன். கையை நீட்டிக்கொண்டிருந்த மனிசன் என்னைப் பார்க்கிறார், நான் வரிசையைப் பார்க்கிறேன். நீர் பின்னால் வந்து, சோறு முடிந்துவிட்டதா என்று கேட்டீர்.

"மச்சாள், நாங்கள் சனத்தை எழுப்பிக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போறமே? வாளிதானே நடக்குது" என்றேன்.

உமக்கு அரை வினாடி போதும். உம்முடைய கண் பெரிதானது இப்போதும் என் முன்னால் நிற்கிறது. பருப்பு வாளியை நிலத்தில் வைத்துவிட்டீர். துவாய்கள் இருந்த இடத்தில் இருக்கட்டும், சட்டம் நடக்கட்டும்! முதல் ஆளுக்குச் சோறு வைத்துக் கடைசி ஆளுக்குப் போய்த் திரும்பி வர, முதல் ஆள் பருப்புக்குக் காத்திருப்பார். அதுபோல மண்ணிறத்தைக் கடைசித் துவாய் வரைக்கும் அடித்துத் திரும்பினால், முதல் துவாய் காய்ந்து பச்சைக்கு ஆயத்தமாக இருக்கும். கொடியும் வேண்டாம், எழுபத்திரண்டு அடியும் வேண்டாம், கோலாவின் கண்ணும் முகத்திலேயே இருக்கும். அன்றைக்கு அந்தச் சனம் எப்போது பருப்புச் சாப்பிட்டது என்று எனக்கு ஞாபகமில்லை.

பிராங்க் சிரித்தான். பாரமில்லாத துணியை விட்டுவிட்டுப் பாரமான சட்டத்தைச் சுமக்கப் போகிறீர்களா என்று கேட்டான். நீர் விடவில்லை. ஒரு நாள் தா, முந்நூறையும் முடித்துக் காட்டுகிறோம், முடித்தால் எங்களை விடு என்றீர். மூன்று மணிக்கு முடித்தால் மூன்று மணிக்குப் போங்கள் என்று கையை வீசிவிட்டுப் போனான். நடக்கிற காரியமா என்ற எண்ணம் அவனுக்கு.

இரண்டு சுவரோடும் பலகை போட்டு நீள மேசை செய்தோம். பழைய கம்பளி விரித்து, துவாய் அசையாமலிருக்கப் பசை பூசி, சட்டம் போய் நிற்கவேண்டிய இடமெல்லாம் ஆணி அடித்தோம். ஒரு பக்கத்துக்கு இருபது துவாய். காலை எட்டரைக்கு நீர் சட்டத்தின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக, என்ன வேகம்! சோபியா எதிர்ப்பக்கத்தில் ஏதோ பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டாள். வரிசை முடிந்து திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு துவாயிலும் ஓரத்தில் மண்ணிறக் கோடு, எச்சில் கையைத் துடைத்ததுபோல. அடுத்த துவாய்க்குச் சட்டத்தை வைக்கும்போது, அதன் ஓரம் முந்தின துவாயின் ஈர மையில் குந்தியிருக்கிறது. பிராங்க் வந்து பார்த்தான், கத்தவில்லை. மத்தியானத்துக்குள் சரிவராவிட்டால் பலகையைக் கழற்றுங்கள் என்றான். அவன் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நீர் சட்டத்தின் அடியைத் தூக்கிப் பார்த்தீர். ஒன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பதை விட்டு அதற்கடுத்ததை அடிப்போம், விடுபட்டதைத் திரும்பி வரும்போது அடிப்போம் என்றீர். எனக்கு மனம் ஒப்பவில்லை, மச்சாள். பந்தியில் ஒருவரை விட்டு அடுத்தவருக்குப் போடுவதா? என் கலியாணத்தில் ஒரு பெரியப்பாவின் இலையைத் தாண்டிப் போனதற்கு அவர் பத்து வருடம் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. கை வரவில்லை, அடுத்த துவாய்க்கே போகிறது. அப்போதுதான் நீர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னீர்.

"துவாய்க்கு ரோசம் வராது, மச்சாள். தாண்டும்."

சிரித்த சிரிப்பில் சட்டத்தைக் கீழே போடப் பார்த்தேன். சோபியாவுக்கு விளக்கம் சொல்லவே ஐந்து நிமிடம் போனது. ஆனால் தாண்டினோம்! ஒன்று, மூன்று, ஐந்து. திரும்பும்போது இரண்டு, நாலு, ஆறு. ஒரு கோடு இல்லை, ஒரு தீற்றல் இல்லை. மூன்றாவது சுற்றில் எங்களுக்குள் பேச்சே இல்லாமல் போய்விட்டது, கால்களே கணக்கைப் பிடித்துக்கொண்டன. கடைசித் துவாயில் கறுப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தால் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அப்போது பிராங்க் வந்தான், தோளில் ஒரு துணிப் பெட்டி. அவனைக் குறை சொல்லமாட்டேன், அவனுக்கும் சந்தோசம் தலைக்கேறிவிட்டது. கடைக்காரருக்குப் போன் அடித்து, இன்னும் நூறு இன்றைக்கே தருகிறேன் என்று சொல்லிவிட்டானாம். பெட்டியை உமக்கு முன்னால் வைத்தான். நீர் அதைத் தொடவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்தீர்.

"இதைச் செய்தது நாங்கள், பிராங்க். அந்த இரண்டு மணித்தியாலம் எங்களுடையது" என்று இங்கிலிசில் நிதானமாகச் சொன்னீர்.

நான் நல்லவளாக நடக்கப் பார்த்தேன். நீர் போய்விட்டு வாரும், நான் நின்று இந்த நூறையும் முடிக்கிறேன் என்றேன். எனக்கு வகுப்பு இல்லை, அப்போது பிள்ளையும் இல்லை. மூன்று மணிக்கு வெளியே போய் என்ன செய்வது என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாது. நீர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை கோபப் பார்வை.

"நீர் இண்டைக்கு நிண்டால் நாளைக்கு நானும் நிக்கவேணும். வாரும்."

வந்தேன். என் பின்னால் சோபியா வந்தாள், மற்ற இருவரும் வந்தார்கள். பிராங்க் பெட்டியின் மேல் குந்திவிட்டான். அடுத்த நாள் போய்ப் பார்த்தோம். மேலதிக வேலைக்கு இன்னும் இரண்டு பேரை எடுத்திருந்தான், மூன்று மணிக்குக் கதவைத் தானே திறந்துவிட்டான். வகுப்புத் தொடங்கிய நாள் நீர் ரயிலுக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு சப்பாத்துக் கழன்றுவிட்டது, எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஓடினீர். எனக்கு ரோட்டில் நின்று கை தட்டவேண்டும் போலிருந்தது. உம்முடைய பெயரை அவர்கள் வெட்டவில்லை. கிளேட்டனில் மருந்துக்கடை திறந்து முப்பது வருடம் நடத்தினீர்.

அந்தக் கடையில் வைத்து ஒருநாள் கேட்டீர், அந்த இரண்டு மணித்தியாலத்தில் நீர் என்ன செய்தனீர் என்று. சும்மா கடைகளைப் பார்த்தேன் என்றேன். உம்முடைய முகம் விழுந்துபோனது. ஆஸ்பத்திரியிலும் அதையே எடுத்தீர். "நான் படிச்சு ஆளாயிட்டன். உம்மை அண்டைக்குச் சும்மா இழுத்துக்கொண்டு வந்திட்டன்" என்றீர். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். உம்முடைய தமையன் பக்கத்தில் இருந்தார். ஐம்பது வருடப் பொய்யை அவர் முன்னால் எப்படி அவிழ்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க, தாதி வந்துவிட்டாள்.

இப்போது சொல்கிறேன். உம்முடைய வகுப்புத் தொடங்கிய இரண்டாம் நாளே சோபியா என்னைப் பொது நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளுக்குள் கட்டிய குளம், சூடாக்கிய தண்ணீர். நீல நிற நீச்சல் உடுப்பு ஒன்றை அவளே எனக்குத் தந்தாள். உம்முடைய அம்மா எங்களோடு இருந்த காலம், வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று உமக்குத் தெரியும். இரண்டு கிழமை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது கிழமை கையை விட்டேன். அந்தக் கரை வரைக்கும் போனேன், மச்சாள்! மூக்கெல்லாம் தண்ணீர், சோபியா கத்துகிறாள், நானும் கத்துகிறேன். முப்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு சந்தோசம் வருமென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து, பிள்ளை பெற்ற மாதங்களைத் தவிர, கிழமை நாளில் மூன்று மணிக்குப் பிறகு நான் தண்ணீருக்குள்தான். கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

கலியாணவீட்டிலிருந்து வரும் வழியில் உம்முடைய தமையனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் காரை ஓட்டிக்கொண்டே, "ஒவ்வொரு நாளும் தலைமயிர் ஈரமா வந்தனீர், நான் என்ன குருடனோ?" என்றார். அவருக்கு எப்போதோ தெரியும். நான் பயந்து பயந்து உமக்கு மட்டும்தான் ஒளித்திருக்கிறேன். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

நீர் என்னைச் சும்மா இழுத்துக்கொண்டு வரவில்லை. எனக்கு நீந்தத் தெரியும், மச்சாள்.