நம் வெயிலை மறைக்கும் சுவர்

தையல்காரிக்கு,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. சோறு மூடியிருக்கிறது, குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கொள்.

தையலை மத்தியானத்துக்குள் முடித்துவிடு. பக்கத்து வீட்டு மாடிச் சுவரை இன்று ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றுகிறோம். வெயில் சாய்ந்தால் நம் சோலார் தகடு முழுக்க நிழல்தான். கரண்ட் போனால் இனி உன் மிஷினும் நின்றுவிடும்.

"நம்ம வெயில மறைக்க வேற கொத்தனாரே கிடைக்கலையா?" என்று ராத்திரி கேட்டாய்.

"நான் போகலன்னா சுவர் நின்னுடுமா?" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம். ஊர்த் துணியெல்லாம் தைத்து நீ வாங்கிய தகடு அது.

நேற்று வேண்டுமென்றே ஒரு கல்லைக் கோணலாக வைத்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, எடுத்து நேராக வைத்துவிட்டேன்.

பி.கு: நம் தகட்டை அவர் மாடியில் வைக்கலாமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அங்க நானே சோலார் போடப்போறேன், மேடைய நீயே கட்டிக் குடுத்துடு மேஸ்திரி" என்கிறார்.

இன்னொன்று. இன்று துணி காயப்போட மாடிக்கு வராதே. சுவர்மேல் நான்தான் நிற்பேன். உன் முகத்தைப் பார்த்தால் கை ஓடாது.