நாலு மெஷினும் ஒரு மெயின் சுவிட்சும்

செம்பூர்,
ஜூன் 15, 2025

அன்புள்ள ஸ்டெர்லின்,

தாராவியில் வாஹித் பாயின் எம்பிராய்டரி மெஷின்கள் நான்கும் நேற்று மதியம் மறுபடி ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. தகவல் சொன்னவள் பாயின் மருமகள் சைனப். சாயங்காலம் நானே போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஒரு மெஷினை மூடினால் மற்ற மூன்றும் நின்றுவிடுகின்றன. திரையில் பிழைச் செய்தி எதுவும் இல்லை.

கல்யாணமான வருஷம் மாட்டுங்கா வாடகை அறையில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் நாம் இருவர்தான். வேறு யாரைக் கேட்பது? போனில் பேசினால் நமக்கு இந்தியில் சண்டை வருகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் உன் வக்கீல் எழுதியது மாதிரி இருக்கிறது. ஆகவே தமிழில் ஈமெயில். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், மெதுவாகப் படி.

ஒரு புரோகிராம் எப்படி நாலு மெஷினை ஓட்டுகிறது என்று சைனப் கேட்டாள். ஒரு மெஷினுக்கு ஒன்றாக நாலு தனி வேலைகள் அதற்குள் இருக்கின்றன என்றேன். ஒவ்வொரு வேலைக்கும் நினைவகத்தில் தனி இடம் பிரித்து, எந்த வரியில் தொடங்க வேண்டும் என்று குறித்து, நாமே கையால் அமைத்தோம். ஒன்று கொஞ்சம் ஓடும், விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்கு வழிவிடும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு உள்ளே நாலு பேர் இருப்பதே தெரியாது. எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னது இது: "உங்க வீட்டுக்காரர் எழுதுனது சரியாத்தான் இருக்கு, அக்கா. ஒண்ணு கோவிச்சுக்கிட்டுப் போனா மிச்சமும் பேச மாட்டேங்கு."

ஒதுக்கிய இடம் போதவில்லை என்று நினைத்து இரண்டு மடங்காக்கினேன். பலனில்லை. பெருநாள் ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது, கல்யாண சீசன் ஆர்டர் காத்திருக்கிறது. ஏதாவது தோன்றினால் எழுது.

விவாகரத்து மனு புதன்கிழமை வந்தது. கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

லிசா

---

ஹாம்பர்க்,
ஜூன் 18

அன்புள்ள லிசா,

உன் கடிதத்தை முதல் தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டாம் தடவை புரிந்தது.

இடம் போதாமல் வந்த கோளாறாக இருக்காது. அப்படி இருந்தால் சத்தம் போட்டுவிட்டு விழும். நீ சொல்வது சத்தமில்லாமல் நிற்கிறது. நின்றதும் புரோகிராம் என்ன எண்ணைத் திருப்பித் தருகிறது என்று பார்.

இன்னொரு கேள்வி. இது எட்டு வருஷம் ஓடியிருக்கிறது. நாம் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அப்படியானால் பட்டறையில்தான் ஏதோ மாறியிருக்க வேண்டும். என்ன மாறியது என்று வாஹித் பாயிடம் கேள். பிறகு சைனபிடம் தனியாகக் கேள். இருவரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள்.

மனுவுக்கு அவசரமில்லை. வக்கீல் ஜூலை 31-க்குள் கேட்கிறார்.

இங்கே வெயில். அங்கே மழை ஆரம்பித்துவிட்டதா? ஹார்பர் லைன் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் வாஷி ஆபீஸுக்கு எப்படிப் போகிறாய்?

ஸ்டெர்லின்

---

செம்பூர்,
ஜூன் 22

அன்புள்ள ஸ்டெர்லின்,

திரும்பி வந்த எண் பூஜ்யம். மெஷின்களை ஓட்டும் கம்ப்யூட்டர் போர்டில் நானே பார்த்தேன். அதாவது வேலை நல்லபடியாக முடிந்தது என்கிறது புரோகிராம். மூன்று மெஷினில் பாதிப் பூ நிற்கிறது, ஆனால் அதன் கணக்கில் எல்லாம் சுபம்.

நீ சொன்னபடியே தனித்தனியாகக் கேட்டேன். வாஹித் பாய் எதுவுமே மாறவில்லை என்றார். சைனப் சிரித்தாள். எட்டு வருஷமாக அந்தப் பட்டறையில் யாரும் ஒரு மெஷினைக்கூட முறைப்படி மூடியதில்லையாம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பும்போது வேலையை நிறுத்திவிட்டு, பாய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். வந்ததும் ஏற்றுவார். தினமும் ராத்திரி அதே கதை. நோன்பு முடிந்ததிலிருந்து பொறுப்பு சைனபிடம். அவள் ஒவ்வொரு மெஷினாக, திரையில் இருக்கும் 'மூடு' பட்டனை அழுத்தி மூடுகிறாள்.

அந்தப் பட்டனை நாம்தான் வைத்தோம், ஸ்டெர்லின். யாரும் அழுத்தவில்லை, அதனால் நமக்குத் தெரியவில்லை.

நேற்று பழைய வரிகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வேலையையும் அமைக்கும்போது நாலு விஷயம் சொல்ல வேண்டும். எந்த இடம், எவ்வளவு இடம், எதில் தொடங்குவது, முடிந்தால் எங்கே திரும்புவது. நாலாவதை வெறுமையாக விட்டிருக்கிறோம். நான் எழுதி, நீ சரிபார்த்தது. திரும்ப இடம் சொல்லப்படாத ஒன்று முடிந்தால், அத்தோடு மொத்தப் புரோகிராமும் முடிந்தது என்று அர்த்தம். வாஹித் பாய் பட்டறையில் வேலை என்றைக்கு முடியப்போகிறது என்று அன்றைக்குச் சிரித்திருப்போம்.

மாற்றிவிடட்டுமா? ஒரே வரிதான்.

லிசா

---

ஹாம்பர்க்,
ஜூன் 25

அன்புள்ள லிசா,

ஒரு வரி போதாது. திரும்பும் இடமாக, முறை வைத்து எல்லாரையும் ஓட்டுகிற தலைமை வேலையைக் காட்டு. சரி. ஆனால் திரும்பி வந்தது முடிந்து வந்ததா, சும்மா வழிவிட்டு வந்ததா என்று தலைமைக்குத் தெரியாது. அடுத்த சுற்றில் முடிந்ததையே மறுபடி கூப்பிடும். அங்கே ஒன்றும் இருக்காது, விழுந்துவிடும். முடிகிற வேலை, போகும்போது தான் முடிந்ததைக் குறித்துவிட்டுப் போக வேண்டும். கூப்பிடும் முன் அந்தக் குறிப்பைத் தலைமை பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போன கிறிஸ்துமஸுக்கு நான் வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நம் கதவில் என் சாவி சேரவில்லை. பூட்டை மாற்றிவிட்டாய் என்று புரிந்துகொண்டு அப்படியே கல்யாண் நகரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். மனுவை எழுதச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஸ்டெர்லின்

---

செம்பூர்,
ஜூலை 6

அன்புள்ள ஸ்டெர்லின்,

வெள்ளிக்கிழமை மதியம் சைனப் முதல் மெஷினை மூடினாள். மற்ற மூன்றும் ஓடின. இரண்டாவதை மூடினாள். இரண்டு ஓடின. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசியையும் மூடிய பிறகு வாஹித் பாய் பழக்கத்தில் மெயின் சுவிட்சிடம் போனார். "மாமா, அதான் நின்னுட்டுல்ல. இனி அதை அடிச்சு என்ன செய்யப் போறிய?" என்றாள் சைனப். பாய் கையை இறக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார்.

குறிப்பு வைப்பது பற்றி நீ சொன்னது சரி. வேண்டுமென்றே அது இல்லாமல் ஒரு தடவை ஓட்டினேன். இரண்டாம் சுற்றில் விழுந்தது.

இனி பூட்டு. போன நவம்பரில் அது துருப்பிடித்து, சாவி உள்ளேயே உடைந்தது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். பூட்டுக்காரரைக் கூட்டி வந்தவர் கீழ்வீட்டு விசாலாக்ஷி மாமி. சந்தேகம் இருந்தால் அவரையே கேள். கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி நான் வீட்டில்தான் இருந்தேன். உள்ளே விளக்கு எரிந்திருக்கும். பெல் வேலை செய்கிறது.

மனுவின் நாலாவது பத்தியில், இருவருக்குமிடையே இனிப் பேசித் தீர்க்க எதுவும் இல்லை என்று இருக்கிறது. அது எனக்குத் தெரிந்தவரை உண்மையில்லை. நீ ஹாம்பர்க் வேலையை ஒப்புக்கொண்டதை டிக்கெட் எடுத்த பிறகு சொன்னாய். நான் அதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதைப் பற்றி நாம் இதுவரை பேசவே இல்லை. பேசிய பிறகும் அந்தப் பத்தி உண்மையாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை போடமாட்டேன்.

புதுச் சாவி ஒன்று மாமியிடம் கொடுத்திருக்கிறேன். நீ வந்தால் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். "எப்ப வரான்?" என்று கேட்டார். தெரியாது மாமி என்றேன்.

வக்கீலின் கெடு 31. அதற்கு முன் வரும் ஞாயிறு 27. அன்று நான் எங்கும் போகவில்லை. நீ வருவாயா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. அன்று இருட்டுவதற்குள் தெரிந்துவிடும்.

லிசா