மாதிரி ஆணையில் உன் பெயர்

என் கண்ணே, நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு முட்டிவலி, அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அடுத்த மாதம் இங்கே வர டிக்கெட் எடுத்திருந்தால் உடனே ரத்து செய்துவிடு. சட்டக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தபோது, விசாரணையே இல்லாமல் ஆளைப் பிடித்து அடைக்கும் சட்டத்தைக் கிழிகிழியென்று கிழித்து அப்பா ஒரு புத்தகம் எழுதினாரே, அதன் கடைசியில், ஒருவரை எவ்வளவு சுலபமாக உள்ளே தள்ளலாம் என்று காட்ட ஒரு மாதிரி ஆணை சேர்த்திருந்தார். பெயர் போடும் இடத்தில், மடியில் உட்கார்ந்திருந்த உன் பெயரையே போட்டார். குழந்தை பேரைப் போட்டாத்தான் படிக்கிறவனுக்கு உறைக்கும் என்று சிரித்தார். நான் அன்றைக்கே திட்டினேன், யார் கேட்டது? இப்போது அவர் அப்படி ஆணை போடும் துறைக்கே செயலாளர். அங்கே அவருடைய மாதிரியைத்தான் படிவமாக வைத்திருக்கிறார்கள், வாசகம் கச்சிதமாம். ஒரு திங்கட்கிழமை கையெழுத்துக்கு வந்த கோப்புக் கட்டுக்குள் எவனோ உன் பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறான், இவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தெரிந்ததும் பதறிப்போய் ரத்து செய்தார். அடுத்த திங்கள் புது எண்ணோடு அதே ஆணை மேசையில் இருந்தது, கீழே அவர் கையெழுத்து, மை காய்ந்திருந்தது. நான் போடலைடி என்றார். இப்படி நாலு முறை ரத்து செய்தார், நாலு முறையும் வந்தது. பிரிவு எழுத்தரைக் கேட்டால், முன்னாடி இருந்த ஐயாவுக்கும் அவர் தம்பி பேருல வந்துச்சு சார், அப்புறம் பழகிட்டாரு என்றாராம். மத்தியானம் இவர் கண்ணயரும்போது விரல்கள் தாமாகவே போர்வைமேல் கையெழுத்துப் போடுகின்றன. தடுக்கலாமென்று கையைப் பிடித்தேன், என் உள்ளங்கையிலேயே போட்டது.

ஐந்தாவது முறை வந்ததை அவர் ரத்து செய்யவில்லை. நேற்றுக் காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, அவ அங்க அப்படி என்னதான் பண்ணிட்டா, காரணம் இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேனே என்றார். பாசமாகத்தான் கேட்டார், முகத்தில் நிஜமான கவலை. நீ புதிதாக மாறிய வீட்டின் முகவரியைக் கேட்டார். பழையதைக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ட நேரத்தில் தனியாகத் திரியாதே. என் ஆயுசையும் சேர்த்து நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அப்பா போன் செய்து, உன்னைப் பாக்கணும்போல இருக்கு வாம்மா என்று அழுதாலும் வந்துவிடாதே. அழுகை நிஜமாகத்தான் இருக்கும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா