படத்துல இருக்கிற மாதிரி

ஒமாஹா, 4 மார்ச் 1945, ஞாயிறு

இன்று தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இடுப்பு வலி என்று மனைவி இடெல்லாவிடம் சொன்னேன். இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது. முகத்தைத்தான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேற்று இருபத்துநாலாம் தெரு நடன அரங்கில் என் மகள் வெர்லீனின் ஜாஸ் குழு. சாக்ஸபோன், டிராம்போன், டிரம்ஸ் எல்லாமே பெண்கள். என் மகள் முதல் டிரம்பெட். முடிவெட்டும் லெமுவல் வாரம் முழுக்க என் காதில் ஓதியிருந்தான்: "பொம்பளைக்கு ஏதுய்யா அவ்ளோ மூச்சு? திரைக்குப் பின்னால ஆம்பளைங்க உக்காந்து ஊதுறாங்க. இதுங்க சும்மா வாயில வெச்சிட்டு நிக்குது."

அவள் ஊதி எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்ததைக் கேட்டவன் நான். இருந்தும் ஒரு பாட்டின் நடுவில் மெல்ல எழுந்து திரைக்குப் பின்னால் போனேன். கயிற்றில் கால் மாட்டியது. திரை மொத்தமும் என் தலையில்.

பின்னால் இருந்தது செங்கல் சுவர், ஒரு வாளி, நான். அங்கே இருந்த ஒரே ஆம்பளை நான்தான்! அரங்கமே சிரித்தது. பெண்கள் ஒரு தாளம்கூடத் தவறவில்லை. வெர்லீன் உதட்டை எடுக்காமல் என்னை முறைத்துக்கொண்டே உச்சிச் சுரத்துக்கு ஏறினாள் — வழக்கம்போல ஒரு படி கீழ்ச் சுரத்தில் கால் வைத்து, அங்கிருந்து இழுத்துத்தான். சின்ன வயதுப் பழக்கம். வாத்தியார் எவ்வளவு திட்டியும் போகவில்லை.

"அங்க என்னப்பா பண்ணீங்க?"

"கக்கூஸ் தேடினேம்மா."

6 மார்ச்

லெமுவலும் சனிக்கிழமை அரங்கில்தான் இருந்தான். சுவரைப் பார்த்தான். இன்று சொல்கிறான்: "செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பாங்க." சோப்பு நுரையோடு எழுந்து வந்துவிட்டேன். பாதித் தாடியோடு வேலைக்குப் போனதில் நஷ்டம் எனக்குத்தான்.

9 மார்ச்

செய்தித்தாளில் கச்சேரி விமர்சனம். பெண்களின் கவுனைப் பற்றி ஒரு பத்தி, கால்களைப் பற்றி ஒரு பத்தி. இசை "இனிமை"யாம். நான் இறைச்சி ஆலையில் பன்றிக்குடல் கழுவிப் பிழைப்பவன். எது நாற்றம் என்று எனக்குத் தெரியும்.

18 மார்ச், ஞாயிறு

குழுவின் மேலாளர் ஹாஸ்கல் சாப்பிட வந்தார். இடெல்லா செய்த கோழியை எலும்பு வரைக்கும் உறிஞ்சிவிட்டு வெர்லீனிடம் சொன்னார்: "நீ நல்லாத்தான் ஊதுற. ஆனா சிரிக்க மாட்டேங்குற. ஊதும்போது சிரிம்மா."

"சிரிச்சா காத்து ஓரத்துல போயிடும் சார். உதடு இறுகணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். தொழிற்சங்க ஊர்வலத்தில் நான் வாசிக்கும் டியூபாவை, அந்தப் பெரிய பித்தளை ஊதுகுழலை, எடுத்து வந்து, பல்லைக் காட்டிக்கொண்டு ஊதிக் காட்டினேன். வேலையிடத்தில் பன்றிகள் கடைசியாகப் போடும் சத்தம் வந்தது. ஹாஸ்கல் தொடையைத் தட்டிச் சிரித்தார். "உன்னையே சேத்துக்கலாம்போல இருக்கே பர்விஸ்!" என் வயதுக்கு ஒரு மரியாதை இல்லை.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். காசு போட்டால் பாட்டுப் படம் ஓடும் பெட்டி மதுக்கடைகளில் இருக்கிறதே, அதற்கு இவர்களை வைத்துப் படம் எடுக்கிறார்களாம். நாடு முழுக்க ஓடுமாம்.

"எங்க சத்தம்தானே சார் வரும்?" என்றாள் வெர்லீன்.

"பின்ன?" என்று வாயைத் துடைத்துக்கொண்டார். அவள் கண்ணை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

30 மார்ச்

சிகாகோ போய்விட்டாள். வீட்டு ஜன்னல்கள் சும்மா இருக்கின்றன.

9 ஜூன், சனி

படம் வந்துவிட்டது. வேலை முடிந்து ஆலை நண்பர்களோடு நேராக மதுக்கடைக்குப் போனேன். நான் காசு போட்டேன். நானே எல்லாருக்கும் பீரும் வாங்கினேன், பெரிய மனுஷன்!

வந்தாள் என் பெண். தலைமுடி சுருள் சுருளாக. டிரம்பெட் வாயில். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். சத்தமோ அம்பு மாதிரி வருகிறது. உச்சிச் சுரத்தில் நேராகப் போய் நின்றது. கீழ்ப்படியில் கால் வைக்கவே இல்லை.

அது என் பெண் ஊதியது இல்லை. ஜன்னல் அதிரக் கேட்டவனுக்குத் தெரியாதா!

"உன் பொண்ணு பிச்சு உதறுறாய்யா!" என்று முதுகில் தட்டினார்கள். லெமுவல் மட்டும் பெட்டியையே பார்த்தான். "சிரிச்சுக்கிட்டே ஊதுறாளே பர்விஸ்... இப்ப எந்தச் செவுத்துக்குப் பின்னால?" மூணு மாசமாக இவன் சொன்ன பொய்யை ஹாஸ்கல் நிஜமாக்கிவிட்டானே. தூ!

24 ஜூன்

வெர்லீன் ஒரு பகல் வந்து போனாள். கேட்காமலே சொன்னாள். இவர்கள் போகும் முன்பே ஆண்கள் குழு ஒன்று வாசித்துப் பதிவு முடிந்திருந்ததாம். "நான் நிஜமாவே ஊதினேம்ப்பா. 'ஏய், சத்தம் போடாத, சும்மா பிடிச்சிக்கிட்டுச் சிரி'ன்னான் படம் எடுக்கிறவன்."

"விட்டுட்டு வந்துடேன்."

"வந்து? குடல் கழுவவா?"

என் கையை மோந்து பார்த்துக்கொண்டேன்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

போர் முடிந்த கொண்டாட்டம். நேற்று அதே அரங்கம், அதே திரை. எனக்குத் திரையிலிருந்து தூரமாக நாற்காலி போட்டார்கள்.

படத்துப் பாட்டை ஆரம்பித்ததும் ஒரே கைத்தட்டல். வெர்லீன் எழுந்தாள். சிரிக்கவில்லை. தன் வழியில், கீழ்ப்படியில் கால் வைத்து, இழுத்து ஏறினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்:

"என்னாச்சும்மா? படத்துல ஊதின மாதிரி ஊது!"

இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். எவனோ ஊதினதை வைத்து என் மகளுக்கு ஊதத் தெரியவில்லை என்கிறார்கள்! என் பக்கத்து மேசைக்காரன் என்னிடமே சொன்னான்: "முன்ன நல்லா வாசிச்சிட்டிருந்தா, பாவம்."

முடிந்ததும் ஹாஸ்கல் அவளிடம்: "ஜனங்க கேக்குறது அதைத்தான். பெட்டியில கேட்டு அப்படியே படிச்சுக்கோ. ஆம்பளைங்க சண்டை முடிஞ்சு திரும்பி வர்றாங்க, இனிமே உங்களைக் கூப்பிட ஆள் இருக்காது. உன் நாற்காலிக்கு வேற பொண்ணுங்க காத்திருக்காங்க."

அவன் எங்கள் வீட்டில் தின்ற கோழி அவனுக்குச் செரிக்காமல் போயிருக்கலாம்.

2 செப்டம்பர், ஞாயிறு

இந்த வாரம் முழுக்க மதுக்கடைக்குப் போய்ப் பெட்டிக்குள் காசு போட்டுப் போட்டு, அந்தப் பெயர் தெரியாத ஆளின் வாசிப்பைச் சுரம் சுரமாகப் படித்துவிட்டாள். படத்தில் இருக்கிற தன்னைப் போலவே தான் ஊதுவதற்கு.

இன்று மத்தியானம் சமையலறையில் ஊதினாள். இடெல்லா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், நான் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவை உச்சிக்குப் போகும்போது பழைய கால் தானாகக் கீழ்ப்படியில் விழுந்தது. ஜன்னல் அதிர்ந்தது. "சே!" என்று நிறுத்தினாள். மறுபடி ஊதினாள். நேராகப் போய் நின்றது. சுத்தம். ஜன்னல் அசையவில்லை.

"எப்படிப்பா? படத்துல இருக்கிற மாதிரி இருக்கா?"

"அச்சு அசலா அதேதாம்மா."

அந்தத் தப்பை மட்டும் விட்டுடாத கண்ணு, அதுதான் நீ. இதை அவளிடம் சொல்லாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.