மேரி அக்காவின் கையெழுத்து

ஒக்டோபர் 14, செவ்வாய்

முகத்துவாரக் கடற்கரையில் கட்டப்போகும் நடைபாதையின் சுவரில் வைக்க, அங்கே குடியிருக்கும் மீனவர்களின் பழைய படங்களைச் சேகரிக்கக் கம்பனி என்னை அனுப்பியது. தூத்துக்குடியிலிருந்து தோணியில் வந்திறங்கிய தன் பூட்டனின் படத்தை, முதல் வீட்டு மேரி அக்கா சுவரிலிருந்து கழற்றித் தந்தார்.

“எங்க படத்த வைக்கிறதுன்னா எங்கள இங்கருந்து எழுப்ப மாட்டாங்க தானே தம்பி?”

“ஓம் அக்கா,” என்றேன். படத்துக்கான சம்மதம் என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன்.

பின்னேரம் மனேஜர் அதை, வீட்டைவிட்டுப் போகச் சம்மதித்தவர்களின் ஃபைலில் போட்டார்.

“சேர், அது படத்துக்கு மட்டும்தான்.”

“ரெண்டாம் பக்கத்தை நீர் வாசிக்கேல்லையோ?”

வாசிக்கவில்லை. நாளை அதே படிவத்தோடு மற்ற வீடுகளுக்குப் போகவேண்டுமாம். இந்தத் தம்பி நல்ல பிள்ளை, நம்பிக் கையெழுத்துப் போடுங்கள் என்று மேரி அக்கா எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.