அடுத்தவள் பிள்ளையின் பக்கத்தில்

இன்று காலை துவையலுக்குக் காணம் வேகவைத்தேன். முதல் விசிலிலேயே அடுப்படி முழுக்கச் செம்பனின் வாடை. மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கொள்ளு என்று சொல்லி உடம்பு இளைக்கச் சாப்பிடுகிறார்கள். நமக்கு அது அந்தக் குதிரையின் மூச்சு. என் மகன் முத்து நாற்காலியிலிருந்தபடி மூக்கை உயர்த்தி, "இன்னைக்கு சனியாம்மா?" என்றான். இன்று செவ்வாய். அடுப்பை அணைத்துவிட்டு, உன்மேல் கோபமாக உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போனவளிடம் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

தோவாளைக்கு அப்பால் மலையடிவாரத் தென்னந்தோப்பில் நாம் முதலில் பார்த்துக்கொண்டபோது, கணவாய்க் காற்று ஓலைகளைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தது. நடக்க முடியாத பிள்ளைகளைக் குதிரைமேல் உட்கார வைத்தால், குதிரை நடக்க நடக்கப் பிள்ளையின் இடுப்பும் நடப்பதுபோல அசையும், அப்படியே பழகும் என்று குதிரை வைத்திருந்த மாஸ்டர் விளக்கினார். பிசியோதெரபி படித்த மனிதர். கயிற்றைப் பிடித்து முன்னால் அவர் நடப்பார். பிள்ளையின் தொடைமேல் கை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆள் நடக்க வேண்டும். ஆனால் பெற்றவள் மட்டும் கூடாது. "அம்ம பக்கத்துல நின்னா பிள்ள அவ பக்கமே சரியும். நடுவுல உக்காராது" என்பார். அப்படித்தான் என் முத்துவுக்கு நீ, உன் மெர்லினுக்கு நான்.

"எனக்க பிள்ளையக் கீழ போட்ட, உன்னக் கொன்னுருவேன் கேட்டியாட்டி" என்றாய், பெயர்கூடக் கேட்பதற்கு முன்னால்.

"உனக்கும் அதுதான்" என்றேன். நம் சிநேகிதம் அந்த மிரட்டலில் ஆரம்பித்தது.

அங்கே இன்னொரு சட்டமும் உண்டு. மேலே இருக்கும் பிள்ளை சொன்னால்தான் செம்பன் நகர்வான். முத்து வாயாடி, ஏறியதும் "போலாம் செம்பா" என்று கத்திவிடுவான். மெர்லின் பிறந்ததிலிருந்து ஒரு சொல் பேசியதில்லை. முனகுவாள், மாஸ்டர் அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு கயிற்றைத் தளர்த்துவார். ஒரு சனிக்கிழமை அவள் கழுத்தை நிமிர்த்தி, காற்றைப் பார்த்து, "போ" என்றாள். செம்பன் நடந்தான். தென்னை மூட்டில் காத்திருந்த நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். சேலையெல்லாம் சாணி.

"அவளா சொன்னா? நீ சொல்லலியே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். பஸ்ஸில் பூதப்பாண்டி வரும்வரை அழுதாய், நடுநடுவே சிரித்தாய். பக்கத்து சீட்டுக்காரி நமக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பாள்.

அந்தச் சொல்லை நாம் பதிவு செய்யவில்லை. செம்பன் ஒருகாலத்தில் கன்னியாகுமரிக் கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்தவன். யாராவது போனைத் தூக்கினால் போதும், கழுத்தைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றுவிடுவான். பிறகு யார் சொன்னாலும் நகர மாட்டான். அதனால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அத்தனை போனும் அதற்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்த வாளியைப் பார்த்து நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம். மெர்லின் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு உலகத்தில் ஒரு படம்கூட இல்லை.

"வீட்ல சொன்னியாட்டி?" என்று கேட்டேன்.

"சொன்னா யாரு நம்புவா? அவரு அடுத்த லீவுக்கு வருவாருல்லா, நேர்ல கூட்டிட்டு வந்து காட்டுவேன். அவருக்க மூஞ்சிய அப்ப பாக்கணும்."

உன் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வருவதற்குள் நீ இடம் மாறிவிட்டாய். முத்துவின் இடப்பக்கம் நடந்தவள், திடீரென்று வலப்பக்கம் வேண்டும் என்றாய். "அந்தப் பக்கம் வெயிலு கண்ணுல அடிக்குடி." வெயில் அல்ல. குதிரைமேல் இருக்கும் பிள்ளையின் தொடைக்கு எட்டுமளவு உன் வலது கையைத் தூக்க முடியவில்லை. மார்பில் கட்டி என்று எல்லோருக்கும் தெரிந்தபோது, டாக்டர்கள் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வீட்டில் தெரிந்தால் சனிக்கிழமை நின்றுபோகும் என்று பயந்தாய். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் நீ ஒருத்தியே தூக்கிச் சுமந்தாய். அந்த வீட்டில் இன்னொருவருக்கு அதைப் பழக்கவே இல்லை. நீ போனதும் எல்லாம் நின்றது. இதற்குத்தான் என் கோபம்.

உன் சாவு வீட்டில் "பிள்ளைக்காக உயிரையே குடுத்தா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை பின்னறையில் இருந்தாள். ஜெபத்தின் நடுவே சத்தம் போடக் கூடாதென்று கதவைச் சாத்தியிருந்தார்கள்.

காரியங்கள் முடிந்தபின், மெர்லினைப் பார்த்துக்கொள்ளும் உன் நாத்தனாரிடம் போய்க் கேட்டேன். "சனிக்கிழம நான் கூட்டிட்டுப் போறேன் அக்கா. ஆட்டோவும் நானே கொண்டு வாறேன்."

"குதிரமேல ஏத்தி கலெக்டராவா ஆக்கப்போறிய? அவ செத்ததே இந்தப் பிள்ளையத் தூக்கித் தூக்கித்தான்."

"மெர்லின் 'போ'ன்னு சொல்லுவா அக்கா. நான் கேட்டிருக்கேன்."

"எங்க, போன்ல இருந்தா காட்டுங்க."

நான் என்னத்தைக் காட்ட? மெர்லினைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே குதிரை இல்லாமல் எதற்காகச் சொல்வாள்?

உன் முதலாம் ஆண்டு நினைவுக்குக் கொஞ்சம் முன்னால் உன் வீட்டுக்காரர் லீவில் வந்தார். நான் விடாமல் போன் செய்து, கெஞ்சி, ஒருமுறை அவளைத் தோப்புக்கு வரவழைத்தேன். செம்பன் அவளைக் கண்டதும் கனைத்தான். ஆனால் ஒரு வருஷம் கட்டிலிலேயே கிடந்தவளின் கால்கள் முழங்காலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி இறுகியிருந்தன. மாஸ்டர் மெதுவாகப் பிரித்துப் பார்த்தார். அவள் அலறினாள்.

"வேண்டாம். பலவந்தமா உக்கார வச்சா இடுப்பு வெலகிரும்" என்றார் மாஸ்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

"அப்ப இவ்வளவு தூரம் வந்தது வெறுதேயா? ஒரு போட்டோவாவது எடுப்போம்." உன் வீட்டுக்காரர் வாளியிலிருந்து போனை எடுத்துவந்து நீட்டினார். சக்கர நாற்காலியில் அழுது ஓய்ந்த மெர்லின், பக்கத்தில் செம்பன். அவன் பழைய பழக்கத்தில் கழுத்தைத் தூக்கி, வெகு அழகாக நின்றுகொடுத்தான். அந்தப் படம்தான் உன் முதலாம் ஆண்டு நினைவு பிளக்ஸில் உன் தெருமுனையில் நிற்கிறது. பார்ப்பவர்கள் ஏதோ சந்தோஷமான நாள் என்று நினைப்பார்கள்.

முத்து இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசல்வரை நடக்கிறான். நீ பிடித்த இடுப்பு அது. சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அவன் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் எனக்கு வயிறு எரிகிறது. உன் கை பிடித்த பிள்ளை நடக்கிறான். என் கை பிடித்த பிள்ளையை உன் வீட்டார் ஒரு வருஷத்தில் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டார்கள்.

நான் இன்னும் போகிறேன். சனிக்கிழமை தோப்பில் வேறொருத்தியின் பிள்ளைக்குப் பக்கத்தில் நடந்துவிட்டு, முத்துவை அவன் அப்பாவோடு அனுப்பிவிட்டு, பூதப்பாண்டி பஸ்ஸில் ஏறுகிறேன். உன் நாத்தனார் வாசலிலேயே சொல்வாள், "சோப்பு போட்டுக் கழுவிட்டு பிள்ளையத் தொடுங்க. ஒரே குதிர நாத்தம்."

"சரி அக்கா" என்பேன். குழாயைத் திறந்து தண்ணீரைச் சும்மா ஓட விடுவேன். கையை நனைக்க மாட்டேன்.

பின்னறைக்குப் போய் உள்ளங்கையை மெர்லினின் முகத்தருகே வைப்பேன். அவள் மோந்து பார்ப்பாள். கண் விரியும். பிறகு அந்தக் கையை அவள் தொடைமேல், பழைய இடத்தில் வைப்பேன். அவள் தலையணையிலிருந்து கழுத்தை நிமிர்த்தி, தெளிவாகச் சொல்வாள்.

"போ."

என் போன் பையில்தான் இருக்கிறது. இப்போது எடுக்கலாம். எடுத்து யாருக்குக் காட்ட? பார்க்க வேண்டியவள் நீ.

கட்டில் நகராது. அவள் காத்திருப்பாள். கடைசி பஸ் வரும்வரை நான் கையை எடுப்பதில்லை.